காயமும் கணக்கும்

நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவரை ஒரு காரோ லாரியோ மோதித் தள்ளிவிட்டால், விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுக்கிற அதே நல்ல மனிதர்கள், கால் மணி நேரத்திற்குள் இரு தரப்பாரையும் சமாதானம் செய்துவைக்கும் காரியத்திலும் இறங்கிவிடுவது நம் ஊர்களில் அநேகமாக எங்கும் காணக்கூடிய வழக்கம். "எதுக்குண்ணே போலீஸு, கோர்ட்டுன்னு அலையணும்? கையோட ஒரு பத்தாயிரத்தை வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போற வழியைப் பாருங்க" என்று அவர்கள் சொல்வதில் கபடம் ஏதுமில்லை, நியாயஸ்தலத்தின் வாசலை மிதித்தவன் வீடு திரும்ப நாளாகும் என்ற அநுபவமே அவர்களை அப்படிப் பேசவைக்கிறது. ஆனால் அந்த வேளையில், முழங்காலில் தெரிகிற வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிடுமா, அல்லது உள்ளே ஜவ்வு கிழிந்து வருஷக்கணக்கில் நொண்டவைக்குமா என்பது அடிபட்டவருக்கும் தெரியாது, பஞ்சாயத்துப் பேசுகிறவருக்கும் தெரியாது, ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை வைத்தியருக்கும்கூடத் தெரியாது. இன்னதென்று அறியாத ஒரு நஷ்டத்திற்கு அங்கேயே விலை பேசி முடித்துக்கொள்வது விவேகமாகாது. சட்டம் அளக்க முயல்வது காயத்தை அன்று. அந்தக் காயம் ஒரு மனிதனுடைய ஜீவனோபாயத்திலிருந்து எதைப் பறித்துக்கொண்டது என்பதையே அது அளக்கப் பார்க்கிறது. அந்த அளவைக்கு வேண்டிய ஆதாரங்கள் விபத்து நடந்த தினத்திலிருந்தே சேரத் தொடங்க வேண்டும்.

வழக்குப் போடத் தயங்குகிறவர்கள் சொல்லும் காரணங்களுள் மிகவும் மனிதத்தன்மை பொருந்தியது ஒன்று உண்டு. மோதியவனும் ஏழைதானே, பிள்ளைகுட்டிக்காரன், அவனிடமிருந்து பிடுங்கி நாம் என்ன வாழ்ந்துவிடப் போகிறோம் என்பதே அது. இந்தக் கருணை போற்றத்தக்கதேயாயினும், இலக்குத் தவறியது. மோட்டார் வாகனம் ஒவ்வொன்றும் மூன்றாம் நபருக்கு நேரும் தீங்குக்காக இன்சூரன்ஸ் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது 1939-ஆம் வருஷச் சட்டத்திலேயே இடம்பெற்று, இன்று நடைமுறையிலுள்ள 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவாக நிலைபெற்றிருக்கும் விதி. நாம் பேச்சுவழக்கில் 'தேர்டு பார்ட்டி' என்று சொல்லும் அந்தப் பாலிசிக்காக வண்டி வைத்திருப்பவர் அனைவரும் கட்டுகிற பணத்திலிருந்தே நஷ்டஈடு வழங்கப்படுகிறது. ஓட்டியவரிடம் முறையான லைசென்ஸ் இல்லாதது போன்ற குறைகள் இருந்தால்கூட, முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி கம்பெனிக்கு உத்தரவிடுவது 2004-ஆம் வருஷத்து ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியையொட்டி வழக்கமாகியிருக்கிறது.

முற்காலத்தில் இந்தப் பரிகாரம் கேட்பதென்றால் சாதாரண சிவில் நீதிமன்றத்திற்குப் போய், கேட்கிற தொகைக்கு ஏற்றபடி ஸ்டாம்பு கட்டணம் செலுத்தி, நிலத் தகராறுகளோடு வரிசையில் காத்திருக்க வேண்டும். காலொடிந்து வருமானமிழந்து கிடப்பவனை முதலில் பணம் கொண்டுவா என்று கேட்கிற அந்த ஏற்பாட்டின் கொடுமையை உணர்ந்தே, 1956-ஆம் வருஷத் திருத்தத்தின் மூலம் விபத்துகளுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழிசெய்யப்பட்டது. இன்று சென்னையில் ஹைகோர்ட் வளாகத்திலுள்ள சிறுவழக்கு நீதிமன்றமும், மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றமும் சார்பு நீதிமன்றங்களும் அந்தத் தீர்ப்பாயங்களாக இயங்குகின்றன. அங்கே தாக்கலாகும் மனுவுக்கு 'எம்.சி.ஓ.பி.' என்று பெயர். விபத்து நடந்த இடத்தில்தான் மனுப்போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திருநெல்வேலிக்காரர் விழுப்புரத்தருகே அடிபட்டால், தாம் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். இந்தச் சலுகையை அறியாமல், ஊன்றுகோலோடு பஸ் ஏறி வாய்தாவுக்கு வாய்தா அலைந்து ஓய்ந்தவர்கள் உண்டு.

காலவரம்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1994-ஆம் வருஷத் திருத்தம் இவ்வழக்குகளுக்கு இருந்த காலக்கெடுவை அடியோடு எடுத்துவிட்டது. ஆகையால் 'எப்போது வேண்டுமானாலும் போடலாம்' என்ற பேச்சு கச்சேரி வராந்தாக்களில் ஊறிப்போய்விட்டது. 2019-ஆம் வருஷத் திருத்தமோ, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்று மறுபடியும் வரம்பு கட்டிவிட்டது. ஆறு மாதம் என்பது, தொடையெலும்பு முறிந்தவர் கட்டிலைவிட்டு எழுந்து நடக்கப் பழகுவதற்கே சரியாக இருக்கக்கூடிய காலம். இந்த வரம்பு நியாயமா என்பது உச்ச நீதிமன்றத்தின்முன் விசாரணைக்கு வந்து, அது முடியும்வரை காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளிவிடலாகாது என்று 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவும் பிறந்திருக்கிறது. ஆயினும் இடைக்கால உத்தரவை நம்பிக் காலத்தைக் கடத்துவது உசிதமன்று.

போலீஸாருக்கும் இதில் கடமை உண்டு. 2022-ஆம் வருஷ விதிகளின்படி, விபத்தைப் பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்திற்குள்ளும், விரிவான அறிக்கையைத் 90 நாளைக்குள்ளும் அவர்கள் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும்; அந்த அறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாக ஏற்றுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஏட்டில் இருக்கும் இந்த ஏற்பாடு எல்லா ஸ்டேஷனிலும் இதே வேகத்தில் நடக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு அடிபட்டவர் சும்மா இருந்துவிட முடியாது.

இனி, ஆதாரங்களைப் பற்றி. இவ்வகை வழக்குகளில் ஜயமும் அபஜயமும் பெரும்பாலும் வக்கீலின் வாதத் திறமையால் நிர்ணயமாவதில்லை. ஆஸ்பத்திரியில் முதன்முதலாக எழுதப்பட்ட இரண்டு வரிகளால் நிர்ணயமாகின்றன. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்ததும், விபத்துப் பதிவேட்டில், எப்போது, எங்கே, எந்த வண்டி மோதி அடிபட்டது என்று டாக்டர் கேட்டு எழுதுவார், 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லாரும் சொல்வது அதன் நகலைத்தான். நோயாளி நினைவிழந்து கிடக்க, கூட வந்த உறவினர் பதற்றத்திலோ, போலீஸ் கேஸ் என்றால் சிகிச்சை தாமதமாகுமோ என்ற பயத்திலோ, 'வண்டியிலிருந்து தானாக விழுந்துவிட்டார்' என்று சொல்லிவிட்டால், அதே வாக்கியம் பதிவேட்டில் ஏறி, இரண்டு வருஷத்திற்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் கையில் பிரமாஸ்திரமாகத் திரும்பி வரும். மோதிய வாகனம் எதுவும் இல்லை, எனவே பொறுப்பும் இல்லை என்று அவர் வாதிடுவார். அவர் வாதிடுவது தவறு என்று சொல்லவும் முடியாது, அவர் படிப்பது நம் உறவினர் சொன்னதையேயன்றோ! ஆகவே, உண்மையில் நடந்ததை நடந்தபடி, மோதிய வண்டியின் எண் தெரிந்தால் எண்ணோடு சொல்லச் செய்வது, மருந்துச் சீட்டைப் போலவே முதல் நாளின் காரியம்.

எஃப்.ஐ.ஆர். பதிவாவதில் நாலைந்து நாள் தாமதமானால் வழக்கே போய்விட்டது என்று சிலர் நம்பிக்கையிழந்துவிடுகிறார்கள்; சிகிச்சையில் இருந்தபடியால் தாமதம் என்பது ஏற்கத்தக்க சமாதானமே. எஃப்.ஐ.ஆரைத் தவிர, சம்பவ இடத்தின் வரைபடம், மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் இரு வண்டிகளையும் பார்வையிட்டு எழுதிய அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக்கடை பில், ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் கொடுத்த ரசீது என்று எதையும் அற்பமென்று எறிந்துவிடலாகாது. சம்பளக்காரர் சம்பளச் சீட்டையும் விடுப்புச் சான்றையும் காட்டுவார். கொத்தனாரும் தச்சரும் பூ விற்கிற அம்மாளும் எதைக் காட்டுவார்கள்? கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, வேலை கொடுத்த மேஸ்திரியின் வாய்மொழிச் சாட்சியம், வங்கிப் பாஸ்புக், மகளிர் குழுக் கடனைத் தவறாமல் கட்டிய கணக்கு என்று, வருமானம் இருந்ததைக் காட்டுகிற எதுவும் பிரயோஜனப்படும். வீட்டுவேலை மட்டுமே செய்கிற பெண்ணின் உழைப்புக்கும் ஒரு மதிப்பு நிர்ணயித்து நஷ்டஈடு தரவேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை வற்புறுத்திய கொள்கை.

எதிர்த்தரப்பின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டுவது மனுதாரரின் பொறுப்பே. ஆனால் கிரிமினல் வழக்கில் வேண்டப்படும் அளவுக்குச் சந்தேகத்திற்கு இடமற்ற ருசு இங்கே தேவையில்லை, இப்படி நடந்திருப்பதே அதிக சம்பாவிதம் என்று காட்டினால் போதும். மோதிய டிரைவர் கிரிமினல் கோர்ட்டில் விடுதலையாகிவிட்டாலும் நஷ்டஈட்டு மனு அதனால் தானாக விழுந்துவிடாது. கவனக்குறைவைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு வேறொரு வழி வைத்திருக்கிறது. யார்மீது தப்பு என்று ஆராயாமல், மரணத்திற்கு 5 லட்சம், கொடுங்காயத்திற்கு 2.5 லட்சம் ரூபாய் அதன்படி கிடைக்கும். ஆனால் இந்தத் தொகையை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால் தீர்ப்பாயத்திலுள்ள பெரிய மனு அற்றுப்போகும் என்பதைச் சிறிய காயக்காரர் மறந்தாலும், பெரிய காயக்காரர் மறக்கக் கூடாது.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதே இவ்விஷயத்தின் மையம். சிகிச்சைச் செலவு, படுத்திருந்த காலத்தில் இழந்த வருமானம், கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, சத்துணவு, போக்குவரத்து, எலும்பில் பொருத்திய பிளேட்டைப் பின்னால் எடுப்பதற்கு ஆகக்கூடிய செலவு, பட்ட வேதனை, வாழ்க்கையின் சுகங்களை இழந்ததற்கு ஈடு என்று இனங்கள் பல. இவற்றிலெல்லாம் பெரியது, நிரந்தரமான ஊனத்தால் எதிர்காலத்தில் குறையப்போகும் வருமானம். 2010 அக்டோபரில் தீர்ப்பான ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக விளக்கியது. இடதுகையை இழந்தவருக்கு டாக்டர்கள் 60 சதவீத ஊனம் என்று எழுதலாம். அவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால் அவருடைய சம்பாதிக்கும் சக்தி முழுவதும் போய்விட்டது எனலாம். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தால் வேலை போகாது, ஆகவே நஷ்டம் 60 சதவீதத்தைவிட எவ்வளவோ குறைவு. ஒரு காலுக்கு 45 சதவீத ஊனம் என்று எழுதிய சான்று முழு சரீரத்திற்கும் 45 சதவீதம் ஆகிவிடாது என்ற நுட்பத்தையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

2012-இல் தீர்ப்பான மோகன் சோனியின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். வண்டி இழுத்துப் பிழைத்த அம்மனிதர் விபத்தில் ஒரு காலை இழந்தார். வண்டி இழுக்க முடியாவிட்டாலும் உட்கார்ந்துகொண்டு காய்கறி விற்கலாமே என்று கருதிக் கீழ்த் தீர்ப்பாயம் பாதி நஷ்டமே கணக்கிட்டது. ஐம்பத்தைந்து வயதில் காலிழந்த ஒருவருக்குப் புதிய தொழிலைக் காட்டுவது பேச்சுக்குத்தான் எளிது என்று கண்ட உச்ச நீதிமன்றம் அதை 90 சதவீதமாக உயர்த்தியது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முப்பத்துநான்கு வயதுக் கொத்தனார் ஒருவருடைய மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது. நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளருக்கு எதிர்கால முன்னேற்றத்திற்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017-ஆம் வருஷத்துப் பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக மாதம் 21,000, வருஷம் 2,52,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16 என்பது 2009-ஆம் வருஷத்துச் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணை, பெருக்கினால் 40,32,000. கால் மடங்காமல் சாரம் ஏற முடியாமற்போனதால் அவருடைய தொழில் சக்தியில் 30 சதவீதம் குறைந்தது என்று கொண்டால், இந்த ஓர் இனத்திற்கு மாத்திரம் 12,09,600 ரூபாய் ஆகிறது. நம் மாநிலத் தீர்ப்பாயங்களில், தொழில் பாதிக்கப்பட்டதாக ருசுவாகாத வழக்குகளில், ஒரு சதவீத ஊனத்திற்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. சதவீதத்திற்கு 5,000 என்று வைத்தால் அதே 30 சதவீதத்திற்கு 1,50,000-தான் வரும். காயம் ஒன்றே, சான்றிதழும் ஒன்றே. அந்தக் கால் சாரத்தில் ஏறிச் சம்பாதித்த கால் என்று மேஸ்திரியும் டாக்டரும் சாட்சிக் கூண்டில் வந்து சொன்னார்களா இல்லையா என்பதில்தான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசம் அடங்கியிருக்கிறது. சிகிச்சை செய்த டாக்டரை அழைக்காமல், கோர்ட் வாசலில் எளிதில் கிடைக்கிற யாரோ ஒருவரின் சான்றிதழை நீட்டுவதை நீதிபதிகள் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது இயல்பே.

மோட்டார் சைக்கிளுக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. இரு தரப்பிலும் தப்பு இருந்தால், மனுதாரரின் பங்குக்கு ஏற்றபடி தொகை குறையும். தலைக்கவசம் அணியாதவருக்குத் தலையில் அடிபட்டிருந்தால் ஒரு பங்கைக் கழித்த தீர்ப்புகள் உண்டு; காலில் அடிபட்டவருடைய நஷ்டஈட்டைத் தலைக்கவசத்தைக் காட்டிக் குறைப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. மூன்றுபேர் ஒரே வண்டியில் போனதாலேயே விபத்துக்கு அவர்கள் காரணமாகிவிடமாட்டார்கள், அதனால்தான் விபத்து நேர்ந்தது அல்லது காயம் பெரிதாயிற்று என்று காட்ட வேண்டும் என்று 2020-இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பின்னால் உட்கார்ந்து வந்தவரின் நிலை இன்னும் விசித்திரமானது. எதிரே வந்த வண்டியின் தப்பென்றால் அவருக்குச் சிரமமில்லை. தம்மை ஏற்றிவந்தவரின் தப்பாலேயே விழுந்திருந்தால், அந்த வண்டிக்கு வெறும் 'தேர்டு பார்ட்டி' பாலிசி மட்டும் இருக்கும் பட்சத்தில் கம்பெனி கைவிரித்துவிடும், 'ஃபுல் கவர்' இருந்தால் கொடுக்கும். நாய் குறுக்கே ஓடித் தாமே சறுக்கி விழுந்தவருக்கு, எதிர்த்தரப்பு என்று ஒருவரே இல்லாதபடியால், தீர்ப்பாயத்தில் ஈடு கேட்க வழியில்லை; மரணத்திற்கும் பெரிய ஊனங்களுக்கும் மாத்திரம் பயன்படுவதாக உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017-ஆம் வருஷத்து உத்தரவை அடியொற்றி அதன் தொகை 1 லட்சத்திலிருந்து 15 லட்சமாக உயர்ந்தது. நண்பனின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டித் தாமே விழுந்தவர் உரிமையாளரின் ஸ்தானத்தில் வைத்துப் பார்க்கப்படுகிறாராகையால், அந்த வண்டியின் இன்சூரன்ஸிலிருந்து மூன்றாம் நபர் என்று சொல்லிக் கேட்க முடியாது.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாமற்போனால், தாசில்தார் வழியாக மாவட்ட ஆட்சியர் வரை செல்லும் தனித் திட்டத்தின்கீழ் மரணத்திற்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். 2022 ஏப்ரலுக்குமுன் இவை 25,000, 12,500 என்ற பரிதாபமான அளவில் இருந்தன. உடனடிச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரத்தைக் கவனித்துக்கொள்கிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைக்குப்பின், ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை என்ற மத்திய அரசின் திட்டமும் 2025 மே மாதத்தில் வந்தது. தினந்தோறும் நொறுங்கிய எலும்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு வைத்தியர், அவை நொறுங்காமலிருக்க வழி தேடி வழக்குத் தொடுத்தார் என்பது நினைவிலிருக்க வேண்டிய விஷயம்.

ஆஸ்பத்திரிப் படுக்கைக்கே வந்து, வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'வருகிற தொகையில் இத்தனை பங்கு' என்று பேசும் தரகர்களைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. வழக்கின் பலனில் பங்கு பேசுவது இந்திய பார் கவுன்சிலின் விதிகளால் வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்ட காரியம். பெண்கள், குழந்தைகள், ஊனமுற்றோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வக்கீலை அமர்த்தித் தரும்; அதன் ஆபீஸ் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.

வழக்கு நடக்கும்போது லோக் அதாலத்தில் சமரசம் பேசக் கூப்பிடுவார்கள். போவதில் தவறில்லை, பணம் சீக்கிரம் கைக்கு வரும். அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாதாகையால், கம்பெனி சொல்லும் தொகையை மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும். தீர்ப்பாயமே முடிவு செய்தால், மனுத் தேதியிலிருந்து வட்டியும் சேரும். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு 7.5 சதவீதம் கொடுப்பது பரவலான வழக்கம். தொகை போதவில்லையென்றால் 90 நாளைக்குள் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் செய்யலாம். தகராறுத் தொகை 1 லட்சத்துக்குக் குறைந்தால் அதற்கு வழியில்லை.

தீர்ப்பான 30 நாளைக்குள் தொகையைக் கட்டிவிட வேண்டும் என்பது விதி. இன்சூரன்ஸ் கம்பெனிகள் அப்பீல் போகாத வழக்குகளில் பெரும்பாலும் கட்டிவிடுகின்றன. அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் கதை வேறு. தனியாக ஒரு நிதி வைத்துக்கொள்வதன்பேரில் அவற்றுக்கு இன்சூரன்ஸிலிருந்து விலக்கு அளிக்கச் சட்டத்தில் இடமிருப்பதால், தீர்ப்புத் தொகை அந்தக் கழகத்தின் கஜானாவிலிருந்தே வர வேண்டியிருக்கிறது. வராதபோது, மனுதாரர் நிறைவேற்று மனுப்போட்டு உத்தரவு வாங்குகிறார். கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய், புறப்படத் தயாராக நிற்கும் பஸ் ஒன்றை, ஏறியிருந்த பிரயாணிகளை இறங்கச் சொல்லிவிட்டு, ஜப்தி செய்து நீதிமன்ற வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். இந்தச் செய்தி நம் தினசரிகளில் அடிக்கடி வருவது. அநேகமாக அதற்குப் பிறகு சில நாளில் பணமும் வந்துவிடுகிறது.